கை மரத்துப் போனால் எலும்பு டாக்டரா, நரம்பு டாக்டரா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. ஈரோட்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக ராத்திரியில் வலது கை மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறார். குடும்ப டாக்டர் "கார்பல் டனலாக இருக்கலாம், ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கள்" என்றார். எலும்பு டாக்டர் ஒருவர் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் நரம்பு டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். யாரிடம்தான் போவது?

பதில்: நான் மருத்துவர் இல்லை. நரம்பின் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். எலும்பு டாக்டர் அனுப்பியவர்கள், நியூரோ டாக்டர் அனுப்பியவர்கள், சர்க்கரை டாக்டர் அனுப்பியவர்கள் என்று எல்லோரும் கடைசியில் எங்கள் அறைக்குத்தான் வருவார்கள். யார் சரியான நேரத்தில் வந்தார்கள், யார் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தார்கள் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நோய் இதுதானா, எந்த அளவில் இருக்கிறது என்று உறுதிசெய்ய நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பெயர்ப் பலகையில் டி.எம். நியூராலஜி என்று இருக்கும். அறுவை சிகிச்சை தேவை என்று தெரிந்தால், கை அறுவையை வழக்கமாகச் செய்கிறவரிடம் போங்கள். அவர் எலும்பு மருத்துவராக இருக்கலாம், பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கலாம், கை அறுவைக்கென்றே படித்தவராகவும் இருக்கலாம். "எலும்பா, நரம்பா" என்று ஒரே ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. கண்டுபிடிப்பது ஒரு வேலை, அறுப்பது இன்னொரு வேலை.

ஏன் இப்படி இரண்டு துறைக்கும் நடுவில் இந்த நோய் மாட்டிக்கொள்கிறது என்றால், இடம் அப்படிப்பட்டது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகள் தரையாகவும், ஒரு தடித்த தசைநார்ப் பட்டை கூரையாகவும் அமைந்த குறுகிய வழி இருக்கிறது. அதுதான் கார்பல் டனல். விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள் அதற்குள் போகின்றன. அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் நரம்பும் போகிறது. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். அவதிப்படுவது நரம்பு, அதை நெருக்குவது மணிக்கட்டு. அதனால் இரண்டு துறையினரும் இதைப் பார்க்கிறார்கள், இருவருக்கும் அதற்கான தகுதியும் இருக்கிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை அம்மா ராத்திரி எழுந்தால், எந்த விரல்கள் மரத்திருக்கின்றன என்று அப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். காலையில் கேட்டால் எல்லோரும் "கை முழுக்க" என்றுதான் சொல்வார்கள். மீடியன் நரம்பு போவது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. சுண்டுவிரலுக்கு அது போவதில்லை. "சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், கார்பல் டனல் என்ற சந்தேகம் நன்றாக வலுக்கிறது. மாறாக, சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் மரக்கின்றன என்றால் கோளாறு பெரும்பாலும் முழங்கையில், அல்நார் நரம்பில் இருக்கும். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி மட்டும் இருந்து, மரப்பே இல்லை என்றால் அது தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். அதற்கு நரம்புப் பரிசோதனையே வேண்டாம்.

கையை உதறினால் சரியாகிறது, வண்டி ஓட்டும்போதும் போனைக் காதில் வைத்துப் பேசும்போதும் மரக்கிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பாத்திரம் கை நழுவுகிறது. இதையெல்லாம் டாக்டரிடம் இதே மாதிரி சொல்லுங்கள். "கை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

இனி அந்த கழுத்து எம்.ஆர்.ஐ. விஷயம். எலும்பு டாக்டர் சொன்னதில் நியாயம் உண்டு. கழுத்தெலும்புக்கு நடுவில் நரம்பு வேர் நசுங்கினாலும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரக்கும். ஆனால் அப்படி இருந்தால் பெரும்பாலும் கழுத்து வலிக்கும், கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கை வரை சுரீரென்று இறங்கும், கையை உதறினால் குறையாது. இந்த அடையாளம் எதுவும் இல்லாதவருக்கு முதல் பரிசோதனையே எம்.ஆர்.ஐ. என்பது என் பார்வையில் சரியான வரிசை இல்லை. 50 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்தைப் படம் எடுத்தால் ஏதாவது தேய்மானமோ வட்டுப் (டிஸ்க்) பிதுக்கமோ தெரியும். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே தெரியும். ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் குடும்பமே பயந்துபோய், கழுத்துப் பட்டை, கழுத்துக்கு இழுவை சிகிச்சை என்று மாதக்கணக்கில் அலைகிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அறைக்கு வருகிறவர்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறவர்கள் இவர்கள்தான். அம்மாவுக்குக் கழுத்து வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். இல்லையென்றால், "முதலில் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாமா?" என்று அந்த டாக்டரிடமே மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நரம்பியல் மருத்துவர் என்ன செய்வார்? கையைத் தொட்டுப் பார்ப்பார், அதுதான் முக்கியம். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லி மரக்கிறதா என்று பார்ப்பார். இந்தச் சோதனைக்கு அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஃபேலனின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1950களில் இந்த நோயை மருத்துவ உலகம் முழுக்கத் தெரியவைத்தவர் அவர். மணிக்கட்டில் லேசாகத் தட்டி விரலில் கரண்ட் அடிப்பதுபோல் இருக்கிறதா என்று கேட்பார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பார். கட்டைவிரலின் அடியில் இருக்கும் மேட்டுச் சதை வற்றியிருக்கிறதா என்று இரண்டு கையையும் ஒப்பிடுவார். கையைத் தொடாமலே, முன்னால் இருக்கும் ஸ்கேனை மட்டும் பார்த்து மருந்து எழுதுகிறவர் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியவராக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு அவர் சரியான ஸ்பெஷலிஸ்ட் இல்லை என்றுதான் சொல்வேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நரம்பியல் மருத்துவரை முதலில் பார்ப்பது இன்னும் அவசியம். சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். ஆனால் அது வழக்கமாகப் பாதத்தில் தொடங்கும், இரண்டு காலிலும் ஒன்றுபோல் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கார்பல் டனலும் அதிகம் வரும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அந்தத் துறையின் வேலை. "சர்க்கரைக்கு இப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவைப்பதை ஏற்காதீர்கள். தைராய்டு குறைந்தாலும் இது வரும், முடக்குவாதத்திலும் வரும். அதனால் தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இரண்டும் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரல் மூட்டுகள் காலையில் வெகுநேரம் விறைத்து வீங்கியிருந்தால் மூட்டுவாத மருத்துவரிடமும் போக வேண்டியிருக்கும். கர்ப்பக் காலத்தில் வருவது வேறு. அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே அடங்கும். அவர்களுக்கு அவசரமாக அறுவை தேவைப்படாது.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கையிலோ உடம்பிலோ உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்குப் பார்க்க வேண்டும். அது நரம்பைத் தாக்கும் நோய், மருந்தால் குணமாகும். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் இலவசமாகவே மருந்து தருகிறார்கள். வெட்கப்பட்டு மறைத்தால்தான் கை போகும்.

எங்கள் பரிசோதனையைப் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை. விரலிலும் கையிலும் மின்முனை ஒட்டி, சிறிய மின்தூண்டல் கொடுத்து, செய்தி மணிக்கட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்போம். சுரீர் என்று இருக்கும், தாங்கிக்கொள்ளலாம். அன்றைக்குக் கையில் எண்ணெய், தைலம், கிரீம் எதுவும் தடவ வேண்டாம். சமிக்ஞை சரியாக வராது. கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், நல்ல நரம்புகூட நோயுள்ளதுபோல் காட்டும். ஏ.சி. அறையில் வெகுநேரம் உட்காரவைத்து நேரே மேசைக்கு அழைத்தால், கையைச் சூடுபடுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டாலும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு கையின் மீடியன் நரம்பை மட்டும் அளந்துவிட்டு முடிப்பது அரைகுறை வேலை. இரண்டு கையிலும், பக்கத்து அல்நார் நரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் மணிக்கட்டில் மட்டும் தடையா, சர்க்கரையால் எல்லா நரம்பும் மந்தமா என்பது தெரியும். ரிப்போர்ட்டில் லேசு, நடுத்தரம், தீவிரம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தைதான் முடிவுசெய்யும். இன்னொன்று, ஆரம்ப நிலையில் சிலருக்கு ரிப்போர்ட் நார்மலாகவே வரும். அதற்காக நோய் இல்லை என்று அர்த்தமில்லை. அறிகுறி தெளிவாக இருந்தால் அதை வைத்தே சிகிச்சை தொடங்குவார்கள். இப்போது அல்ட்ராசவுண்டிலும் நரம்பு வீங்கியிருப்பதைப் பார்க்கிறார்கள். வலியே இல்லை, ஆனால் பார்ப்பவருக்கு அந்த அனுபவம் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் லேசு அல்லது நடுத்தரம் என்று வந்தால் உடனே கத்தி தேவையில்லை. ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்பிளிண்ட் போட்டுத் தூங்குவது முதல் சிகிச்சை. குறைந்தது 6 வாரம் விடாமல் போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் தருகிற சில பட்டைகள் மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்து வைக்கின்றன, அது வேண்டாம். நேராக இருப்பதுதான் முக்கியம். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவதும் இதற்கு ஈடாகாது. சரியான ஸ்பிளிண்ட் பொருத்தித் தருவதிலும், தையல் மெஷின் முன்னால் கை வைக்கும் கோணத்தை மாற்றித் தருவதிலும் கை சிகிச்சையில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட்டும், மறுவாழ்வு மருத்துவரும் பெரிய உதவி. மறுவாழ்வு மருத்துவர் என்றால் எம்.டி. பி.எம்.ஆர். படித்தவர். பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருந்தும் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஸ்பிளிண்டுக்கு அடங்காவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எலும்பு மருத்துவர், மூட்டுவாத மருத்துவர், மறுவாழ்வு மருத்துவர், கை சர்ஜன் யாரும் போடலாம். இதில் பட்டத்தைவிடப் பழக்கம்தான் முக்கியம். ஊசி நரம்புக்குள் போய்விடக் கூடாது என்பதால் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுகிறவர் கிடைத்தால் நல்லது. அம்மாவுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும், சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊசியால் பலருக்கும் சீக்கிரம் நிம்மதி கிடைக்கும், ஆனால் சில மாதங்களில் பலருக்குத் திரும்பி வரும். ஊசியை மீண்டும் மீண்டும் போட்டு வருடங்களைக் கடத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பி காம்ப்ளக்ஸ், மெத்தில்கோபாலமின் (பி12) மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தால், அது இந்த நெருக்கத்தைத் தளர்த்தாது. அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12 குறைய வாய்ப்புண்டு, அதை ரத்தத்தில் பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் போய் மணிக்கட்டை அழுத்தி நீவிவிடுவது கண்டிப்பாக வேண்டாம். ஏற்கெனவே நசுங்கியிருக்கிற நரம்பை மேலும் நசுக்குவதாகிவிடும்.

எப்போது தாமதிக்கக் கூடாது? மரப்பு ராத்திரியில் வந்துபோவது நின்று பகலெல்லாம் நிரந்தரமாக ஆகிவிட்டால். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றி, அந்த இடம் தட்டையாகத் தெரிந்தால். சட்டைப் பொத்தான் போடவே முடியாவிட்டால். இந்த நிலையில் ஸ்பிளிண்ட், ஊசி என்று மாதங்களைக் கழித்தால், பிறகு அறுவை செய்தாலும் சதை முழுக்கத் திரும்பாமல் போகலாம். வலி குறைந்துவிட்டது என்று சிலர் சந்தோஷப்பட்டுக்கொண்டு வருவார்கள். சோதித்துப் பார்த்தால் நரம்பு பெரும்பாலும் ஓய்ந்துபோயிருக்கும். வலி குறைவது எப்போதும் நல்ல செய்தி இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்த பிறகு திடீரென்று விரல்கள் மரத்துத் தாங்க முடியாத வலி வந்தால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். முகம் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சட்டென்று மரப்பது என்றால் அது பக்கவாதம், 108க்கு போன் செய்யுங்கள்.

அறுவை சிகிச்சை பெரிய ஆபரேஷன் இல்லை. அந்தக் கூரைப் பட்டையை வெட்டி இடம் உண்டாக்குவதுதான் வேலை. கையை மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 18 மாதம் கழித்துப் பார்த்தபோது அறுவை செய்துகொண்டவர்களில் 90 சதவீதம் பேருக்கும், ஸ்பிளிண்ட் போட்டவர்களில் 75 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. இரண்டுமே நல்ல எண்கள்தான், ஆனால் வித்தியாசம் இருக்கிறது. சின்ன ஆபரேஷன் என்பதால் யார் செய்தாலும் ஒன்று என்று நினைக்காதீர்கள். கட்டைவிரல் சதைக்குப் போகும் கிளை நரம்பு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் போகும். அதை வெட்டிவிட்டால் கட்டைவிரலை எதிர்ப்பக்கம் கொண்டுவரவே கஷ்டப்படும். இன்னொரு பக்கம், பட்டையை முழுக்க வெட்டாமல் கொஞ்சம் விட்டுவிட்டால் நோய் அப்படியே இருக்கும். தினமும் முழங்கால் மாற்று அறுவை செய்கிற மிகத் திறமையான எலும்பு மருத்துவரைவிட, வாராவாரம் கையைத் திறக்கிற ஒருவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? பட்டத்தில் எம்.சிஎச். ஹேண்ட் சர்ஜரி, அல்லது கை மற்றும் நுண் அறுவையில் எஃப்.என்.பி. என்று இருந்தால் அவர் கைக்கென்றே பயிற்சி எடுத்தவர். எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்களும் கை அறுவை பழகியவர்கள்தான். பிளாஸ்டிக் சர்ஜன் என்றதும் முக அழகு மட்டும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. நரம்பு அறுவை மருத்துவர்களிலும் சிலர் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

கை அறுவையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். இன்றைக்கும் அங்கே கை அறுவைக்கென்று அவர் பெயரில் தனி மையம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை மறுவாழ்வு, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜா சபாபதி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவுக்கு வெளிநாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். இதற்காக எல்லோரும் இந்தப் பெரிய இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. முதல் முறை, சாதாரண கார்பல் டனல் என்றால் பக்கத்து ஊரில் கையைப் பழகிய ஒருவர் போதும். ஏற்கெனவே ஒருமுறை அறுவை செய்தும் தீரவில்லை, சதை வற்றிப்போய்விட்டது, எலும்பு முறிவோடு சேர்ந்து வந்தது என்றால் அப்படிப்பட்ட மையத்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: இந்த அறுவையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்? திறந்து செய்வீர்களா, சிறு துளை வழியே கேமரா விட்டு எண்டோஸ்கோப்பிலா, அம்மாவுக்கு ஏன் அது? மரப்பு போகாவிட்டால் அடுத்து என்ன? எண்டோஸ்கோப்பில் வேலைக்குக் கொஞ்சம் சீக்கிரம் திரும்பலாம், ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறதோ அதைச் செய்யட்டும், செலவு அதிகம் என்பதற்காக அது உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டு கையிலும் இருந்தாலும், வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம். தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். உள்ளங்கையின் இரண்டு ஓரத்திலும் அழுத்தினால் வலிப்பது சில மாதம்கூட இருக்கலாம். தையல் மெஷினுக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஆர்டர் எடுப்பதை அதற்கேற்ப நிறுத்திவைக்கலாம்.

உங்கள் அம்மாவின் நிலையில், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இன்றைக்கே செய்யக்கூடியது ஸ்பிளிண்ட் வாங்கி ராத்திரியில் போடுவது. இந்த வாரமே டி.எஸ்.எச்., எச்.பி.ஏ.1.சி., பி12 ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டுகளோடும், சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையோடும் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன்னால் அம்மாவின் இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். வலது கட்டைவிரல் மேடு இப்போதே தட்டையாகத் தெரிந்தால், நரம்பியல் மருத்துவரின் அப்பாயின்ட்மென்டோடு சேர்த்துக் கை சர்ஜனிடமும் இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.